தீவாந்திர தண்டனை பெற்ற முன்னோரைத் தேடும் வழி: தர்மபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு

"கொள்ளுத்தாத்தாவோட தம்பி தீவுக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல." தீவாந்திரம் என்பது குற்றவாளியைக் கடல் கடந்த இடத்துக்கு நாடு கடத்தும் தண்டனை. வீட்டில் இந்த ஒரு வரி மட்டும் மிஞ்சியிருந்தாலும் வழக்கு எண் வரை போய்ச் சேர வழி இருக்கிறது. ஆனால் பலர் தொடங்கும் இடமே தவறிவிடுகிறது. நேரே உள்ளூர் கோர்ட்டுக்குப் போய் நூறு வருஷத்துக்கு முந்தைய கேஸ் கட்டைக் கேட்கிறார்கள். இல்லை என்ற பதிலோடு தேடலையே விட்டுவிடுகிறார்கள்.

உள்ளூரில் இல்லாததற்குக் காரணம் இரண்டு. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல்; கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ல். அதற்கு முன் எல்லாமே சேலம் ஜில்லா. கொலை, கூட்டுக்கொள்ளை போன்ற பெரிய வழக்குகள் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில்தான் நடந்தன. இரண்டாவது காரணம், கோர்ட்டுக் காகிதங்களைக் காலக்கெடு வைத்து அழிக்க விதி உண்டு; 1917-ம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டம் இதற்காகவே வந்தது. கீழ்க் கோர்ட்டுக் காகிதம் முதலில் போகும். ஹைகோர்ட்டுக்கும் சர்க்காருக்கும் ஏறிய காகிதம் நிற்கும். தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு மேலே காகிதம் ஏறியிருக்கும். அதனால் மேலிருந்து கீழே தேடுங்கள். இந்த வேலையின் சூட்சுமம் இதுதான்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

நான்கு விஷயம் வேண்டும்: அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருஷம். வயதானவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?", "பெரியம்மா பொறந்தப்ப அவர் ஊர்ல இருந்தாரா?" என்று கேளுங்கள். தமிழ் வருஷப் பெயர் கிடைத்தால், அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறக்க வேண்டாம். தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. எது என்பதைத் தலைமுறைக் கணக்கு வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய கிரயப் பத்திரத்திலோ வரி ரசீதிலோ பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

நிலப் பத்திரங்களைக் கட்டாயம் பாருங்கள். பத்திரப் பதிவு இந்த மாகாணத்தில் 1865 முதல் இருக்கிறது. வழக்குச் செலவுக்காக அவசரமாக விற்ற காடோ, அடமானம் வைத்த கிணற்றுப் பங்கோ இருந்தால் அந்தத் தேதி வழக்கு நடந்த வருஷத்தைச் சுட்டிவிடும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975-லிருந்துதான். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். சர்வே எண்ணும் கிராமப் பெயரும் இல்லாமல் போகாதீர்கள்.

அடுத்து, அவர் உண்மையில் கைதிதானா என்று பாருங்கள். "தீவுக்குப் போனவர்" என்றால் கைதி என்றே கொள்ள வேண்டியதில்லை. மொரீஷியஸ், நேட்டால், இலங்கை, மலேயாவுக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனவர்களையும் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை கப்பலேறியவர்களின் பட்டியலில் தகப்பன் பெயர், ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. குற்ற ஆவணத்தில் ஒன்றும் அகப்படாவிட்டால் அங்கே தேடுங்கள். வீட்டுப் பேச்சில் "தீவாந்திரம்", "ஜென்ம தண்டனை" என்ற சொற்கள் வந்தால் அது தண்டனை. "ரேகை வெச்சாங்க", "ராத்திரி ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணும்" என்று வந்தால் அது குற்றப் பரம்பரைச் சட்டம். அது தனி விஷயம், கீழே சொல்கிறோம்.

பெயரும் ஊரும் எப்படி எழுதப்பட்டிருக்கும்

தேடுகிறவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். ஆவணம் இங்கிலீஷில் இருக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கிருஷ்ணகிரி 'கிஸ்ட்னகெரி' ஆகும், தர்மபுரி 'தர்மபூரி' ஆகும், ஓசூர் முதலெழுத்து 'ஹெச்' இல்லாமல் 'ஊசூர்' ஆகும். முனியப்பன் என்ற ஒரே பெயரை முனியன், முனியப்பா, மூனியாப்பன் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாகக் காணலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் புழங்குவதால், வீட்டில் ராமன் என்று அழைக்கப்பட்டவர் காகிதத்தில் 'ராமிகாடு' என்று இருக்கக்கூடும். போவதற்கு முன்பே ஒரு பெயருக்கு ஆறேழு எழுத்து வடிவம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய தாலுகாவை நம்பாதீர்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை என்று நான்கே தாலுகா. பென்னாகரத்துக்காரரைத் தர்மபுரி தாலுகாவிலும், தேன்கனிக்கோட்டைக்காரரை ஓசூரிலும் தேட வேண்டும். திருப்பத்தூர் 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. எல்லையோர ஊராக இருந்தால் அதையும் பாருங்கள். பாரமகால் (இந்தப் பகுதியின் பழைய பெயர்) 1792-ல்தான் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கைக்கு வந்தது, அதற்கு முன் இந்த வகைக் காகிதமே கிடையாது.

ஊரைவிட விசாரணை நடந்த இடம் முக்கியம். பாப்பாரப்பட்டியில் 1925-ல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் விசாரணை நடந்தது திருநெல்வேலியில். அவரைத் தேடி தர்மபுரிக் காகிதத்தைப் புரட்டினால் ஒன்றும் வராது. உங்கள் முன்னோரும் சந்தைக்குப் போன இடத்தில், சேலத்திலோ வேலூர்ப் பக்கமோ, பிடிபட்டிருக்கலாம்.

மேலிருந்து தேடல்

முதலில் வீட்டிலிருந்தே, ஹைகோர்ட் தீர்ப்புகள். சென்னை ஹைகோர்ட் 1862-ல் திறந்தது. மரண தண்டனை என்றால் ஹைகோர்ட் உறுதி செய்தே ஆக வேண்டும். அந்த வழக்கு 'ரெஃபர்டு ட்ரயல்' என்று, ஆர்.டி. எண்ணோடு இருக்கும். மற்றவை கிரிமினல் அப்பீல். 1876 முதல் வந்த சென்னைச் சட்ட அறிக்கைத் தொகுதிகளின் தீர்ப்புகள் பல 'இந்தியன் கானூன்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வழக்கின் தலைப்பில் சர்க்கார் தரப்பைக் குறிக்கும் பெயர் காலத்துக்குத் தக்கபடி மாறும்: 1877-ஐ ஒட்டி 'குயின்' போய் 'குயின் எம்ப்ரஸ்' வரும், 1901-க்குப் பின் 'கிங் எம்பரர்' அல்லது 'எம்பரர்' வரும். 'இன் ரி' ('இன்னார் விஷயத்தில்') என்று தொடங்கி முதல் குற்றவாளியின் பெயர் வருவதும் சென்னையில் வழக்கம். உங்கள் ஆள் மூன்றாம் குற்றவாளியாக இருந்தால் தலைப்பில் இருக்க மாட்டார். ஊர்ப் பெயரையும் சேலம் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். அச்சானவை சட்ட நுணுக்கம் உள்ள வழக்குகள் மட்டுமே, ஆகவே இங்கே இல்லை என்றால் வழக்கே இல்லை என்று அர்த்தமில்லை.

செஷன்ஸ் தீர்ப்பைக் கண்டதும் நின்றுவிடவும் கூடாது. 1882 சேலம் கலவர வழக்கில், பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டு தீவாந்திரம் விதித்தார்கள். ஹைகோர்ட் அவரை விடுதலை செய்தது. அப்பீல் முடிவைப் பார்க்காமல் ஒருவரைக் குற்றவாளி என்று குடும்ப வரலாற்றில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாள அட்டையும், யாரை, எந்த ஆண்டுகளில், எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற கடிதமும் கொண்டுபோங்கள். பென்சிலும் நோட்டும் போதும். அங்கே பார்க்க வேண்டியது நீதித்துறை, அதாவது 'ஜுடீஷியல் டிபார்ட்மென்ட்', நடவடிக்கைகளும் அரசாணைகளும். கட்டைக் கேட்காதீர்கள், முதலில் ஆண்டுவாரி அட்டவணைத் தொகுதியைக் கேளுங்கள். அதில் கைதிகள், மனுக்கள், தண்டனைக் குறைப்பு, சேலம் ஆகிய தலைப்புகளைப் பார்த்து அரசாணை எண், தேதி, துறை மூன்றையும் எழுதிக்கொண்டால்தான் கட்டு வரும். தீர்ப்பு வந்த ஆண்டோடு அடுத்த இரண்டு ஆண்டின் அட்டவணையையும் புரட்டுங்கள், ஏனென்றால் கருணை மனு தாமதமாகத்தான் போகும். இந்த வேலையில் கிடைக்கும் பெரிய செல்வமே கருணை மனுதான். மனைவி யார், எத்தனை குழந்தைகள், எந்த நிலத்துக்காகத் தகராறு என்று தீர்ப்பில் வராததெல்லாம் அதில் வரும்.

1862-க்கு முந்தைய வழக்கானால் ஹைகோர்ட் கிடையாது. 'ஃபௌஜ்தாரி அதாலத்' என்ற மேல் குற்றவியல் கோர்ட்டின் நடவடிக்கைகளைக் கேளுங்கள். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டமும் அமலில் இல்லை. பிரிவு எண் இருக்காது, குற்றத்தின் பெயர்தான் இருக்கும். 1862-க்குப் பின் எண்ணே கதை சொல்லும்: 302 கொலை, 395 கூட்டுக்கொள்ளை, 396 கொலையோடு கூட்டுக்கொள்ளை, 457 இரவில் கன்னம் வைத்தல் (வீடு புகுதல்) முதலியவை. பக்கத்தில் 75 இருந்தால் முன்பே தண்டனை பெற்றவர் என்று பொருள். பழைய வழக்கு ஒன்றையும் தேட வேண்டும்.

கடைசியாகத்தான் சேலம் செஷன்ஸ் கோர்ட் ரெக்கார்டு ரூம். எண் இல்லாமல் நகல் மனுப் போட்டால் திரும்பிவரும். தாலுகா மாஜிஸ்திரேட்டிடம் பி.ஆர்.சி. (பூர்வாங்க விசாரணைப் பதிவு) எண், செஷன்ஸில் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) எண் என்று ஒரே வழக்குக்கு இரண்டு எண் இருக்கும். ஹைகோர்ட் தீர்ப்பின் தலைப்பில் எஸ்.சி. எண் வருவதால் அதை வைத்து மனுப் போடுங்கள். கட்டு அழிந்திருந்தாலும் பதிவேடு தப்பியிருக்கலாம், பதிவேட்டைத் தனியாகக் கேளுங்கள்.

இவர் அவர்தானா?

தகப்பன் பெயர், ஊர், ஜாதி, உடன் தண்டிக்கப்பட்டவர்கள். இந்த நான்கில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். வயதை நம்பாதீர்கள், 30, 35, 40 என்று பார்த்த மாத்திரத்தில் எழுதியது அது. பங்காளிகள் பெயர் கூடவே வந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

குற்றப் பரம்பரைச் சட்டப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அவர் குற்றம் செய்தார் என்று ஆகாது. பிறந்த ஜாதிக்காகவே பெயரையும் விரல் ரேகையையும் பதிந்த சட்டம் அது. நாடு முழுக்க 1952-ல்தான் ஒழிந்தது. பதிவு வேறு, தண்டனை வேறு. இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

எங்கே போனார்?

ஆண்டைப் பார்த்தால் இடம் தெரியும். 1858 மார்ச்சுக்கு முன் அந்தமான் இல்லை. சென்னையிலிருந்து பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பக்கம் அனுப்பினார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகள் கட்டியது. அங்கே கைதிக் குடியிருப்பு 1873-ல் மூடப்பட்டது. அந்தமான் செல்லுலார் ஜெயில் 1906-ல்தான் முடிந்தது, ஆகவே 1880-ல் போனவரை அதற்குள் தேடாதீர்கள்.

தீர்ப்பில் தீவாந்திரம் என்று இருந்தாலும் கப்பல் ஏறாதவர்கள் உண்டு. மேலே சொன்ன சிவாவுக்கும் தீவாந்திரம்தான் விதித்தார்கள்; அவர் அந்தத் தண்டனையை மாகாணச் சிறைகளில்தான் கழித்தார். 1921-ல் அந்தமானுக்கு அனுப்புவதை நிறுத்தப்போவதாக சர்க்கார் அறிவித்த பிறகு இது இன்னும் அதிகம். சட்டத்தில் அந்தச் சொல் 1956 ஜனவரி 1 வரை இருந்தது, அதனால் 1940-களின் தீர்ப்பில் அதைப் பார்த்தால் சேலம், வேலூர், கோவை, திருச்சி மத்தியச் சிறைகளையே முதலில் கேளுங்கள்.

போர்ட் பிளேரில் இருந்த காகிதங்களில் பல 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அழிந்தன. அங்கிருந்து டில்லிக்கு எழுதியவை தேசிய ஆவணக் காப்பகத்தில், உள்துறை 'போர்ட் பிளேர்' பிரிவில் இருக்கின்றன. 'அபிலேக் படல்' இணையதளத்தில் தேடலாம். அந்தமானில் கைதியின் கழுத்தில் தொங்கிய வில்லையில் கைதி எண், சட்டப் பிரிவு, தீர்ப்புத் தேதி இருக்கும். வீட்டில் பழைய கடிதம் ஏதும் இருந்தால் அந்த எண்ணைத்தான் முதலில் பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், உறையின் முத்திரை மூன்றையும் படமெடுங்கள், லேமினேஷன் போடாதீர்கள். எண் கிடைத்துவிட்டால் பெயரை எத்தனை விதமாக எழுதியிருந்தாலும் கவலையில்லை, டில்லிக்கு எழுதும்போது அதையே முதல் வரியில் எழுதுங்கள்.