டைட்டானியம் சைலன்சர் வாங்கும் முன் தராசை எடுங்கள்

காரின் எடையைக் குறைக்க டைட்டானியம் சைலன்சர் வேண்டும் என்கிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பழையதைக் கழற்றி எடை போட்டுப் பார்த்தீர்களா? பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. இரண்டரை அங்குல வெளிவிட்டமும் 1.5 மி.மீ. தடிமனும் உள்ள ஸ்டெயின்லெஸ் புகைக்குழாய், மீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ இருக்கும். 1 மி.மீ. டைட்டானியத்தில் அதுவே 0.9 கிலோ. மூன்று மீட்டர் முழுக்க மாற்றினாலும் மிஞ்சுவது நாலு கிலோ சொச்சம்தான். பாரம் உண்மையில் பின்னால் தொங்கும், சத்தத்தை அடக்கும் மஃப்ளர் டப்பாவில் இருக்கிறது. 2001 செவர்லே கார்வெட் இசட்06 காரில் டைட்டானியத்தைப் போட்டது மஃப்ளரிலும் வால்குழாயிலும்தான். அதிலேயே சுமார் 8 கிலோ குறைந்தது.

அடுத்த தவறு, உருகுநிலையைப் பார்த்து உலோகம் வாங்குவது. "டைட்டானியம் 1668 டிகிரியில்தானே உருகும், என்ன ஆகிவிடும்?" என்பார்கள். உருகாதுதான். ஆனால் 600 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தொடர்ந்து கிடந்தால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி, மேல்தோல் இறுகி, அதிர்வில் விரிசல் விடும். டர்போ பெட்ரோல் எஞ்சினை ஒட்டிய முதல் குழாயான மேனிஃபோல்டில் புகை 900 டிகிரியைத் தொடும். அங்கே சாதாரண டைட்டானியத்துக்கு வேலை இல்லை. அந்த இடத்துக்கு 321 கிரேடு ஸ்டெயின்லெஸ், காசு இருந்தால் இன்கோனெல் என்ற நிக்கல் கலப்பு உலோகம். வேடிக்கை என்னவென்றால் இன்கோனெல் 625 எஃகைவிடக் கனமானது. ஃபார்முலா ஒன் கார்களில் அதைப் போடுவது, அந்தச் சூட்டிலும் பலம் குறையாததால் குழாயை மிக மெல்லியதாக இழுக்கலாம் என்பதற்காக. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம். கார்பன் ஃபைபரில் இழை தாங்கினாலும் பிசின் தாங்காது. மஃப்ளரின் மேலுறைக்கும் நுனிக்கும் மட்டும் சரி.

நம் ஊரில் அதிகம் ஏமாறுவது காந்தச் சோதனையில். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் என்று முடிவு செய்கிறார்கள். சமையல் பாத்திரங்களில் பரவலாகப் போகிற, நிக்கல் குறைந்த 202 கிரேடிலும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. புகைக்குழாயில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. கம்பெனியிலிருந்து வரும் பல கார்களின் குழாய் 409 ஸ்டெயின்லெஸ். அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும், அதனால் அது மட்டமான இரும்பு ஆகிவிடாது. கிரேடு எழுதிய பில்லும் ஆலைச் சான்றிதழும் கேளுங்கள். தர மறுத்தால் கடையை மாற்றுங்கள்.

எடை குறையட்டும் என்று மெல்லிய குழாயை எடுப்பவர்கள் விரிவை மறந்துவிடுகிறார்கள். 500 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் 304 குழாய் கிட்டத்தட்ட 9 மி.மீ. நீளும், டைட்டானியம் அதில் பாதி. நடுவில் மடிப்பு மடிப்பாக நெகிழும் பெல்லோஸ் இல்லாமல் இரு முனையையும் இறுக்கிவிட்டால் அந்த நீட்சி முழுவதும் ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பை) ஒட்டிய வெல்டில் போய்ச் சேரும். மெல்லிய குழாய் அங்கேதான் முதலில் கிழியும்.

வெல்டிங்தான் பெரிய கதை. டைட்டானியத்தையும் எஃகையும் நேரடியாகச் சேர்த்து உருக்கி ஒட்ட முடியாது. இணைப்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும். குழாய் முனைகளைச் சுற்றி இறுக்கும் வளையமான வி-பேண்ட் கிளாம்ப் அல்லது ஸ்பிரிங் போட்ட சொருகு இணைப்பு வேண்டும். டைட்டானியத்தோடு டைட்டானியம் என்றாலும் டிக் (TIG) வெல்டிங்கில் வெளியே மட்டுமில்லாமல் குழாயின் உள்ளேயும், காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயு ஓட வேண்டும். வெல்டு வெள்ளியாகவோ வைக்கோல் நிறத்திலோ இருந்தால் நல்லது. நீலம் என்றால் சந்தேகம், சாம்பலும் வெள்ளைப் பொடியும் என்றால் வேண்டவே வேண்டாம். ஓடி ஓடிச் சூட்டில் குழாய் நீலமாவது வேறு, புது வெல்டே நீலமாக இருப்பது வேறு. அந்த நீலத்தைத்தான் அழகு என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

எடை குறைக்கிறேன் என்று, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதும் நடக்கிறது. புகை, சத்த வரம்பை மீறிய வண்டியைச் சாலையில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கடைசியாக, சத்தம். மெல்லிய டப்பா நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் ரீங்கரிக்கும். கடை வாசலில் ஆக்சிலேட்டரை மிதித்துக் கேட்பதில் அது தெரியாது. அதே சைலன்சர் போட்ட வண்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்து போய்விட்டு வந்து அட்வான்ஸ் கொடுங்கள்.