இரண்டாங்கட்டுக்கு எட்டாத ரோஸ் 2

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டில் ரோஸ் 2 (ROS 2, ரோபோ நிரல்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் மென்பொருள்) வைத்து ரோபோ செய்கிறேன். லேப்டாப் முகப்பில், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி உள்ளே இரண்டாங்கட்டில். பையிலிருந்து லேப்டாப்புக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போனது. ஆனால் நிரல்கள் தகவல் பரிமாறும் தடமான டாபிக் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரே குழு என்று காட்டும் எண்ணான டொமைன் ஐடி இரண்டிலும் 0தான்.

மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கும் அனுப்பும் செய்தி) வந்து சேர்கிறதா என்று பார்க்கும் ‘ரோஸ்2 மல்டிகாஸ்ட் ரிசீவ்’ கட்டளையை ஓட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தடித்த சுவரைத் தாண்ட வேண்டுமென்று உள்ளே வைத்த இரண்டாவது ரவுட்டர், தனியாக 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. முகப்பில் இருந்ததோ 192.168.1. ரோஸ் 2 நோடுகள் (அதில் ஓடும் நிரல்கள்) வழக்கமாக ஒன்றையொன்று தேடுவது யூடிபி மல்டிகாஸ்ட்டில்: 239.255.0.1, போர்ட் 7400. அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டவில்லை; ஒரே முகவரிக்குப் போகும் பிங் மட்டும் தாண்டியது. பிங்கை நம்பி இரண்டு நாள் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சரி, உள் ரவுட்டரை, தானாக முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் நீட்டும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினேன். இரண்டும் ஒரே வரிசைக்கு வந்தன. கேமரா டாபிக்கும் பட்டியலில் வந்தது.