கிரீட் தீவில் விடுமுறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்தால் சிறு குழுக்களைக் கிரேக்கத் தீவான கிரீட்டுக்கு அழைத்துப்போவது என் வேலை. ஆரம்ப நாட்களில் நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் செய்கிறார்கள். பாஸ்போர்ட் நகல், சன்ஸ்கிரீன், கூட்டத்தில் பர்ஸ் பத்திரம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். விவரமானவர்களே சறுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

"வெயில் நமக்குப் பழகினதுதானே"

சென்னை வெயிலில் சட்டை நனைந்துவிடும். நனைந்ததும் தண்ணீர் குடிக்கத் தோன்றும். கிரீட்டில் ஜூலை மாதக் காற்று வறண்டது, வேகமாக வீசக்கூடியது. வியர்வை வந்த இடத்திலேயே உலர்ந்துவிடும். "எனக்கு வியர்க்கவே இல்லை, நம்ம ஊரைவிட நல்லா இருக்கு" என்று மதியம் சொல்கிறவருக்குத்தான் சாயங்காலம் தலைவலியும் வாந்தியும் வருகிறது.

2024 ஜூன் 5 அன்று, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற மருத்துவர் மைக்கேல் மோஸ்லி, சிமி என்ற சிறிய கிரேக்கத் தீவில் பிற்பகல் வெயிலில் தனியாக நடக்கக் கிளம்பினார். போனை எடுத்துப்போகவில்லை. நான்கு நாள் தேடலுக்குப் பிறகு உடல்தான் கிடைத்தது. உடல்நலம் பற்றியே பேசி வந்த மனிதர் அவர். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை மலைப்பாதையில் நடக்காதீர்கள். எந்த நேரத்தில் நடந்தாலும் போனும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். எந்த வழியாகப் போகிறீர்கள் என்று அறையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

செருப்போடு சமரியா பள்ளத்தாக்கு

வேண்டாம். 16 கிலோமீட்டர், முழுக்கக் கல். இறங்கி முடிக்கும் அகியா ருமேலி என்ற கடலோரக் கிராமத்துக்குச் சாலையே கிடையாது, கப்பலில்தான் வெளியே வர முடியும்.

வாடகை வண்டி

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞர் எங்கள் குழுவில் வந்தார். ஊட்டி மலைப்பாதையில் பைக் ஓட்டியே வளர்ந்தவர். பலோஸ் கடற்கரைக்குக் குவாட் பைக்கில், அதாவது நாலு சக்கர பைக்கில், போகிறேன் என்றார். சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் (இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்) இல்லாமல் எடுக்காதே என்றேன். "கடையில கேக்கவே இல்லண்ணா, நம்ம ஊர் லைசென்ஸைப் பார்த்துட்டுச் சாவியைக் குடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலிவியானி கிராமத்தைத் தாண்டியதும் பலோஸுக்குப் போகும் வழி மண்ணும் சரளையுமாக மாறிவிடும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே கடல். ஒரு திருப்பத்தில் வண்டி கவிழ்ந்து காறை எலும்பு முறிந்தது. ஹானியா நகரில் மருத்துவமனை, அப்புறம் அறுவைச் சிகிச்சை. காப்பீட்டு நிறுவனம் கேட்ட முதல் காகிதமே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். அது இல்லை என்றதும், செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டியதால் பணம் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். வண்டிக் கடைக்காரர் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். மண் சாலையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது என்று அதில் இருந்தது. மருத்துவச் செலவு, வண்டிச் செலவு, மாற்றி எடுத்த விமான டிக்கெட் எல்லாம் குடும்பத்தின் தலையில் விழுந்தது. ராத்திரி அவருடைய அம்மா எனக்குப் போன் செய்து, "இன்ஷூரன்ஸ் போட்டிருக்கோமே தம்பி, அப்புறம் ஏன் எங்ககிட்ட பணம் கேக்கறாங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஐரோப்பா போக வாங்கும் ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு ஒரு பாலிசி எடுக்கிறோம். அது எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கும் என்று நினைத்துவிடுகிறோம். இந்திய உரிமம் வைத்திருப்பவர் கிரீஸில் வண்டி ஓட்ட அதோடு சர்வதேச அனுமதிப் பத்திரமும் வேண்டும். கடைக்காரர் அதைக் கேட்காமல் சாவி கொடுத்துவிடலாம், ஆனால் விபத்து என்று வந்தால் போலீஸும் காப்பீட்டு நிறுவனமும் கேட்காமல் விடமாட்டார்கள். இதை ஊரில் இருக்கும்போதே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிட வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். கிரீஸில் போய் இறங்கிய பிறகு வாங்க வழியில்லை. கார் ஓட்ட மட்டும் உரிமம் உள்ளவருக்கு ஸ்கூட்டர் ஓட்டும் தகுதி இந்தப் பத்திரத்தால் வந்துவிடாது. பாலிசியில் இருசக்கர வண்டி, குவாட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே படியுங்கள். சில பாலிசிகள் குவாட்டை மொத்தமாகவே விலக்கிவிடுகின்றன. வண்டிக் கடைக்காரர் சொல்லும் "ஃபுல் இன்ஷூரன்ஸ்" பெரும்பாலும் உங்கள் உடம்புக்கு வரும் செலவைத் தொடாது. டயரும் வண்டியின் அடிப்பகுதியும் அதில் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

காகிதம் சரியாக இருந்தாலும் குவாட் தனி வண்டி. பைக்கில் திருப்பம் வந்தால் உடம்பையும் வண்டியையும் சேர்த்துச் சாய்ப்போம். குவாட் அப்படிச் சாயாது, வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கமாகக் கவிழும். தடுமாறும்போது காலை ஊன்றுவது பைக் ஓட்டியவரின் பழக்கம். குவாட்டில் ஊன்றிய கால்மேல் பின்சக்கரம் ஏறிவிடும். அதனால்தான் பைக் நன்றாக ஓட்டுபவர்களைப் பார்த்து நான் அதிகம் பயப்படுகிறேன்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நெரிசலில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்துச் சரியாகவே போய்விடுவீர்கள். கடற்கரையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஆளில்லாத சாலைக்கு வரும்போதுதான் கை தானாக இடப்பக்கம் போகும். அந்த ஒரு நொடிக்காகக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓட்டியே ஆக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் சைப்ரஸுக்கோ மால்டாவுக்கோ போகலாம், அங்கே நம்மைப் போல இடப்பக்கம்தான்.

இன்னொன்று. கிரீட்டில் சாப்பாடு முடிந்ததும் கடைக்காரர் அன்போடு ராக்கி என்ற உள்ளூர் மதுவைக் கொண்டுவந்து வைப்பார், காசு வாங்கமாட்டார். கார் ஓட்டுபவருக்கு ரத்தத்தில் மதுவின் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கு 0.2 மட்டுமே. சாவி உங்கள் பையில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கோப்பையைத் தொடாமல் எழுந்திருங்கள்.

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். வண்டிக் கடையில் கேட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அலையில்லாத கடலை நம்புவது

கோடையில் ஏஜியன் கடல் பக்கமிருந்து மெல்டெமி என்ற வடகாற்று வீசும். தீவின் வடகரையில் அது அலையைக் கிளப்பும், கண்ணுக்குத் தெரிவதால் ஓரளவு எச்சரிக்கையாக இருப்போம். தென்கரையில் அதே காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, குளம் மாதிரி தெரியும். குழந்தையை ஊதிய மிதவையில் உட்காரவைத்தால் காற்று அதை லிபியா திசையில் தள்ளிக்கொண்டே போகும், அப்பா நீந்தி எட்டிப்பிடிக்க முடியாது. தென்கரை ஊர்களான பிளாக்கியாஸ், பாலையோஹோரா பக்கம் காற்று இருக்கிற நாளில் மிதவையின் காற்றைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஒருவேளை நீங்களே மிதவையோடு இழுபட்டால் அதை விட்டுவிட்டு நீந்த முயலாதீர்கள். பிடித்துக்கொண்டு கையை ஆட்டுங்கள். சிவப்புக் கொடிக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் கொடியே இல்லாத கடற்கரை என்றால் அங்கே காவலரும் பெரும்பாலும் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கப்பல் வரும் நாளிலேயே விமானம்

பக்கத்துத் தீவான சாண்டோரினிக்குப் போய்விட்டுத் திரும்பும் அன்றே ஊருக்கு விமானம் போடாதீர்கள். காற்று வலுத்தால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

போன் அலறும்போது அணைத்துவிடுவது

காட்டுத்தீ நெருங்கினால் அந்தப் பகுதியில் இருக்கிற எல்லாப் போன்களுக்கும் 112 எச்சரிக்கை வரும். கிரேக்க மொழியிலும் ஆங்கிலத்திலும், எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று ஊர்ப்பெயரோடு சொல்லும். 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் தீ பரவியபோது சுமார் 19,000 பேரை வெளியேற்றினார்கள். பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடற்கரை வரை நடந்தார்கள். போன் அமைப்பில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் இன்றே திறந்துவிடுங்கள். தங்கும் விடுதியின் பெயரையும் ஊரின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். எந்த ஆபத்துக்கும் 112-ஐ அழைக்கலாம், ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆம்புலன்ஸுக்கு நேரடி எண் 166, கடலோரக் காவல் படைக்கு 108. நம் ஊர் ஆம்புலன்ஸ் எண்ணும் 108 என்பதால் பதற்றத்தில் விரல் அங்கே போய்விடும். மூன்று எண்களையும் பெயர் போட்டுப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.