அயலூர் அணிகளை ஒரே லீக்கில் சேர்ப்பது எப்படி: வடக்கின் உதைபந்தாட்ட ஒழுங்கமைப்பாளர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரை ஊரின் பெயரிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. குருநகர் பாடும்மீன், பாசையூர் சென்.அன்ரனீஸ், நாவாந்துறை சென்.மேரிஸ், ஊரெழு றோயல், வதிரி டயமன்ஸ் என்று சொல்லும்போதே அந்தந்த ஊரின் சந்தியும் கோயிலும் கண்முன்னே வந்துவிடுகின்றன. ஆகவே ஒரு லீக் தொடரை விரிவாக்கும்போது, புதிய அணிகளோடு அந்த ஊர்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் போட்டியையும் சேர்த்தே உள்ளே அழைக்கிறோம். பல வருடங்கள் போட்டிச் செயலாளராக இருந்த அனுபவத்தில் ஒன்றைத் துணிந்து சொல்வேன்: அயலூர் ஆட்டங்களை முதலில் எழுதி, மற்ற ஆட்டங்களை அவற்றைச் சுற்றி அமைக்கும் தொடர் நிலைத்து நிற்கும், எல்லா ஆட்டங்களையும் ஒரே நிறையில் வைத்து அட்டவணை போடும் தொடர் பாதி வழியில் குழம்பும்.

விரிவாக்கம் ஏன் வேண்டும் என்று இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இலங்கையின் உச்சக் கழகத் தொடராக 2021 இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் பங்கேற்ற 10 கழகங்களில் வடக்கைச் சேர்ந்த கழகம் ஒன்றுகூட இருக்கவில்லை. 2023 ஜனவரியில் இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்திய பீபா, ஓகஸ்ட் மாதத்தில்தான் அந்தத் தடையை நீக்கியது. தேசிய மட்டத்தில் வாய்ப்பு வரும் என்று காத்திருந்தே ஆடும் வயதைக் கடந்துவிட்ட வீரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதேவேளை வீதிகள் நம்மை நெருக்கமாக்கியிருக்கின்றன. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், பூநகரி வழியாக மன்னாருக்குப் போய் ஆடிவிட்டு அன்றிரவே வீடு திரும்ப முடிகிறது. ஆகவே யாழ்ப்பாணம், பருத்தித்துறை, கிளிநொச்சி, மன்னார் அணிகள் ஒரே தொடரில் ஆடுவதற்குத் தூரம் இனித் தடையாக இருக்க வேண்டியதில்லை.

முதல் வேலை அனுமதி. குடாநாட்டுக்குள்ளேயே யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, பருத்தித்துறை என்று தனித்தனி லீக்குகள் இயங்குகின்றன. வீரர்களின் பதிவு அந்த லீக்குகளிடமே இருக்கிறது. அழைக்க நினைக்கும் கழகம் எந்த லீக்கைச் சேர்ந்ததோ அந்த லீக்கின் சம்மதத்தை எழுத்தில் பெற்ற பின்னரே கழகத்துக்குக் கடிதம் அனுப்புங்கள். கழகத்தோடு முதலில் பேசிவிட்டு லீக்குக்குப் பின்னர் அறிவித்தால், நல்ல நோக்கத்தோடு செய்த காரியமும் ஆள்பிடிப்பதாகத் தோன்றிவிடும்.

அடுத்தது எத்தனை அணிகள் என்ற கேள்வி. இங்கு ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அணியும் மற்ற அணியோடு சொந்த மைதானத்தில் ஒரு தடவையும் வெளி மைதானத்தில் ஒரு தடவையும் ஆடுவதென்றால், 8 அணிகளுக்கு 56 ஆட்டங்கள், 10 அணிகளுக்கு 90, 12 அணிகளுக்கு 132. நான்கு அணிகளை மேலதிகமாகச் சேர்த்ததும் ஆட்டங்கள் இரண்டு மடங்கையும் தாண்டிவிடுவதைக் கவனியுங்கள். 12 அணிகள் ஒரே வார இறுதியில் ஆடினால் ஆறு ஆட்டங்கள்; ஓர் ஆட்டத்துக்கு மத்தியஸ்தர், இரண்டு துணை மத்தியஸ்தர்கள், நான்காவது மத்தியஸ்தர் என்று நால்வர் வேண்டுமானால், அந்த வார இறுதிக்கு மட்டும் 24 பேர் தேவை. மைதானமும் பணமும் எப்படியோ கிடைத்துவிடும்; தகுதியான மத்தியஸ்தர்களைத்தான் உடனே உருவாக்க முடியாது. எனவே உங்களிடம் இருக்கும் மத்தியஸ்தர்களின் தொகையே உங்கள் லீக்கின் அளவைத் தீர்மானிக்கட்டும்.

12 அணிகளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால், ஆறு ஆறாக இரண்டு வலயங்களாகப் பிரியுங்கள். வலயத்துக்குள் இரண்டு தடவை ஆடினால் ஓர் அணிக்கு 10 ஆட்டங்கள். மற்ற வலயத்து அணிகளோடு ஒரு தடவை மட்டும் ஆடினால் 6 ஆட்டங்கள். தொடர் முழுவதற்கும் மொத்தம் 96 ஆட்டங்கள், 16 வாரங்கள். 132 ஆட்டங்களும் 22 வாரங்களும் கொண்ட முழுச் சுற்றோடு ஒப்பிட்டால் தூரப் பயணம் பாதியாகக் குறைகிறது; அயலூர் ஆட்டம் மட்டும் இரண்டு தடவையாகவே நிற்கிறது. பஸ் வாடகையே ஒரு சிறிய கழகத்தின் பெருஞ்செலவு என்பதால் இது மிகப் பெரிய நிவாரணம். ஆனால் வலயத்தைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். எந்த இரண்டு ஊர்கள் மோதும்போது வேலியோரமெல்லாம் சைக்கிள் நிற்குமோ, அந்த இரண்டும் ஒரே வலயத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவுசெய்து, அந்தச் சோடிகளைப் பிரிக்காமல் மிகுதியைப் பங்கிடுங்கள்.

அட்டவணைக்கு, அணிகளுக்கு எண் கொடுத்து வாரவாரமாகச் சோடி சேர்க்கும் பேர்கர் முறையைப் பரிந்துரைக்கிறேன். ஆறு அணிகளுக்கு அது இப்படி அமையும், முதலில் எழுதப்படுவது சொந்த மைதான அணி: முதல் வாரம் 1-6, 2-5, 3-4, இரண்டாம் வாரம் 6-4, 5-3, 1-2, மூன்றாம் வாரம் 2-6, 3-1, 4-5, நான்காம் வாரம் 6-5, 1-4, 2-3, ஐந்தாம் வாரம் 3-6, 4-2, 5-1. ஆறாம் வாரத்திலிருந்து இதே வரிசையை மைதானம் மாற்றி ஆடலாம். இந்த அட்டவணையில் 1 உம் 4 உம், 2 உம் 5 உம், 3 உம் 6 உம் எப்போதும் எதிரெதிராக இருக்கின்றன. ஒன்று சொந்த மைதானத்தில் ஆடும் வாரத்தில் மற்றது வெளியே ஆடுகிறது. அடுத்தடுத்த ஊர்களான இரண்டு கழகங்களுக்கு இந்த எண்களைக் கொடுத்தால், ஒரே வீதியில் ஒரே நாளில் இரண்டு கூட்டங்கள் முகத்தோடு முகம் பார்க்காது; ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் கழகங்களுக்கும் நாள் முட்டாது. மிகக் கடுமையான போட்டியுள்ள சோடிக்கு 1, 4 என்ற எண்களையே கொடுங்கள். அவர்கள் நான்காம் வாரத்திலும் ஒன்பதாம் வாரத்திலும் சந்திப்பார்கள். முதல் நாளின் பதற்றமும் கடைசி நாளின் புள்ளிக் கணக்கும் அந்த ஆட்டத்தின்மேல் வந்து விழாது. கடைசி வாரத்தின் ஆட்டங்களை மட்டும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் மற்ற ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு ஆடிய ஆட்டத்துக்குப் பின்னர் உலகமே இந்த வழக்கத்துக்கு வந்தது.

நாட்காட்டியை ஊரைப் பார்த்து எழுத வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழையில் நமது மைதானங்கள் பெரும்பாலும் குளமாகிவிடும். அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் யாழ்ப்பாண நகரில் ஆட்டம் வைக்க வேண்டாம். பொலிஸாரும் பஸ்களும் கிடைப்பது கடினம். பாசையூர் அந்தோனியார் திருவிழா ஜூன் 13 என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அட்டவணை போடும் மேசையில் அது அடிக்கடி மறந்துபோகிறது. கரையோரக் கழகங்களில் ஆடும் இளைஞர் பலர் இரவில் தொழிலுக்குப் போகிறவர்கள். விடிய வலை பாய்ந்துவிட்டு வந்து பிற்பகலில் 90 நிமிடம் ஓடுகிறார்கள். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தொழிலில்லாத நாளாக வைத்திருப்பதால், அவர்களுடைய பெரிய ஆட்டங்களுக்கு அந்த நாளையே கொடுப்பதுதான் நீதி.

இனி விதிகள். எனக்கு மறக்க முடியாத ஓர் ஆட்டத்தை இங்கு சொல்ல வேண்டும். இரண்டு அயலூர்கள், ஊர்ப் பெயர்கள் வேண்டாம். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது 78 ஆவது நிமிடத்தில் தண்ட உதை வழங்கப்பட்டது. பந்து புள்ளியில் வைக்கப்பட்டிருந்தது. கோல் காப்பாளர் கையுறையை வாயால் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கம்பத்துக்குப் பின்னால் இருந்த கயிறு தளர்ந்து, ஒரு சிறுவன் முதலில் உள்ளே ஓடிவர, அவனைப் பிடிக்க இருவர் வர, அவர்களுக்குப் பின்னால் நூறு பேர் வந்துவிட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் ஆட்டம் அத்தோடு நின்றது, பந்து புள்ளியிலேயே கிடந்தது. கைவிடப்பட்ட ஆட்டத்துக்கு என்ன செய்வது என்று எங்கள் விதிக்கோவையில் ஒரு வரிகூட இருக்கவில்லை. அந்தக் கோவையை எழுதியவர்களில் நானும் ஒருவன். தண்ட உதையிலிருந்து தொடர வேண்டும் என்றது ஓர் ஊர், முதலிலிருந்து ஆட வேண்டும் என்றது மற்ற ஊர். இரண்டு வருடங்கள் அந்த ஊர்கள் ஒரே தொடரில் பதிவுசெய்யவில்லை.

உதைபந்தாட்ட விதிகளின் 7 ஆவது விதி, தொடரின் விதிகளோ ஒழுங்கமைப்பாளரோ வேறுவிதமாகத் தீர்மானிக்காவிட்டால் கைவிடப்பட்ட ஆட்டம் மீண்டும் ஆடப்பட வேண்டும் என்கிறது. அப்படியானால் வேறுவிதமாகத் தீர்மானிக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. அதைத் தொடர் தொடங்கும் முன்னர் பயன்படுத்துங்கள். மழையாலோ வெளிச்சக் குறைவாலோ நின்றால், நின்ற நிமிடத்திலிருந்து அதே கோல் கணக்கோடு, பார்வையாளர் இல்லாமல், பொது மைதானத்தில் தொடரலாம். ஓர் ஊரின் ரசிகர்களால் நின்றால் அந்த ஊர் அணிக்கு ஆட்டம் தோல்வி. இரு தரப்பாலும் நின்றால் இருவருக்கும் புள்ளியில்லை. நீங்கள் வேறு மாதிரியும் எழுதலாம்; ஆனால் ஒவ்வொரு கழகத்தின் தலைவரும் செயலாளரும் அந்தப் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். அயலூர் ஆட்டத்துக்கு மத்தியஸ்தர்கள் மூன்றாவது பிரதேசத்திலிருந்து வரவேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்: வடமராட்சி ஊர்கள் மோதினால் யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ.

மைதானத்தின் வாசல்களைப் பற்றிப் பேசும்போது இந்தோனேசியாவை நினைவில் வையுங்கள். 2022 ஒக்டோபர் 1 இல் மலாங்கின் கஞ்சுருஹான் அரங்கில், உள்ளூர் அரேமா அணி அயல் நகரமான சுரபாயாவின் பெர்செபாயா அணியிடம் 3-2 எனத் தோற்றது. பகைக்கு அஞ்சி சுரபாயா ரசிகர்கள் முன்கூட்டியே தடுக்கப்பட்டிருந்தார்கள். அரங்கில் ஒரே ஊரின் கூட்டம்தான் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் உள்ளே இறங்க, பொலிஸார் கண்ணீர்ப்புகை வீச, வாசல்களை நோக்கி ஓடிய கூட்டம் நெரிசலில் சிக்கி 135 பேர் இறந்தார்கள். எதிரூர் ரசிகரைத் தடுத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்பும் ஒவ்வொரு செயற்குழுவும் இதைப் படிக்க வேண்டும். நமது சிறிய மைதானங்களிலும் ஒற்றை வாசலும் மதிலும்தான் இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் இரண்டு வாசல் வையுங்கள்; வேலியில் ஒரு பகுதியைக் கழற்றியாவது அதைச் செய்யலாம். 75 ஆவது நிமிடத்தில் எல்லா வாசல்களும் திறந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் பெயர் குறித்த ஒருவர் நிற்க வேண்டும். மைதானத்துக்குள் கூட்டத்தைக் கலைக்கும் வாயு பயன்படுத்தக் கூடாது என்பது பீபாவின் பாதுகாப்பு ஒழுங்கு. பொலிஸ் நிலையத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் அதை மரியாதையாக எழுதுங்கள். வந்த ஊரின் பஸ் முதலில் புறப்படட்டும். பரிசளிப்பு நடக்கும் பதினைந்து நிமிடத்துக்குள் அது சந்தியைக் கடந்துவிடும்.

ஒலிவாங்கியைக் கையில் எடுக்கும் அறிவிப்பாளரையும் நன்றாகத் தெரிவுசெய்யுங்கள். நமது மைதானங்களில் நேரடி வர்ணனை ஆட்டத்தின் பாதி உயிர். அதே குரலால் ஒரு கூட்டத்தைச் சூடேற்றவும் முடியும். ஊரைச் சொல்லி உற்சாகப்படுத்துவது அழகு, பறையும் பேண்ட் வாத்தியமும் வரட்டும். ஆனால் ஊர்ப் பெயருக்குள் சாதியை ஒளித்துவைத்து இழிவுபடுத்தும் சொல் நம்மிடையே இருக்கிறது. அதைக் கேட்டும் கேட்காததுபோல இருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அப்படிக் கூச்சல் எழுந்தால் மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தி அறிவிக்கச் சொல்ல வேண்டும். தொடர்ந்தால் அணிகளை வெளியே அழைக்க வேண்டும். பின்னும் தொடர்ந்தால் ஆட்டத்தைக் கைவிட வேண்டும். இந்த மூன்று படிகள் சர்வதேச ஆட்டங்களில் நடைமுறையில் உள்ளவை. கைவிடப்பட்டால் புள்ளி யாருக்கு என்பது ஏற்கனவே கையொப்பமிட்ட பக்கத்தில் இருக்கிறது.

ரசிகர்களைக் கட்டுப்படுத்துவதற்கான வழிகளை மட்டும் யோசிக்காமல், அவர்களிடம் ஒரு பொறுப்பையும் கொடுங்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் போர்ட்லாந்து, சியாட்டில், வன்கூவர் நகரங்களின் ரசிகர்கள் 2004 இல் தாங்களே பணம் சேர்த்து ஒரு கிண்ணத்தை வாங்கி, மூன்று அணிகளுக்குள் யார் முதல்வர் என்பதற்கு அதை வைத்தார்கள். 2009 இல் சியாட்டிலும் 2011 இல் மற்ற இரண்டும் பெரிய லீக்குக்குள் சேர்க்கப்பட்டபோது, கஸ்கேடியா கிண்ணம் எனப்பட்ட அந்தக் கிண்ணமும் ரசிகர்களின் சொத்தாகவே கூட வந்தது. பின்னர் லீக் அந்தப் பெயரைத் தன் பெயரில் பதிய முயன்றபோது ரசிகர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கும் ஒவ்வொரு சோடி ஊருக்கும் ஒரு கேடயம் வைக்கலாம். அனுசரணையாளரிடம் கேட்க வேண்டாம். இரண்டு ஊரின் சனசமூக நிலையங்களும் சமபங்காகப் பணம் போட்டு வாங்கட்டும், வென்ற ஊரின் நிலையத்தில் அடுத்த ஆட்டம் வரை அது இருக்கட்டும். கேடயத்தை எடுத்துவரவும் கையளிக்கவும் ஊருக்கு இருவரைப் பொறுப்பாக்குங்கள். கூட்டத்தில் குழப்பம் தொடங்கும்போது, பொலிஸாருக்கு முன்னதாக நீங்கள் அழைக்க வேண்டியவர்கள் அந்த நால்வரே. ஆகவே ஆட்டத்துக்கு முதல் ஞாயிறு அவர்களை மைதானத்துக்கு வரச்சொல்லி, எந்த ஊர் எந்தப் பக்கம் நிற்கும், எந்த வாசலால் போகும் என்பதைச் சேர்ந்து நடந்து பார்த்து, கம்பத்துக்குப் பின்னால் உள்ள கயிற்றை அவர்கள் கையாலேயே இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.