ஸ்டெப் கோப்பை நோட்பேடில் திறந்து படிப்பது எப்படி? ஐஎஸ்ஓ 10303 தொடக்கநிலை விளக்கம்

கணினியில் பாகங்களை வரைய உதவும் ஒரு கேட் (CAD) மென்பொருளில் வரைந்த பாகத்தை வேறு மென்பொருள் வைத்திருப்பவருக்கு அனுப்ப வேண்டும் என்றால் நாம் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: எக்ஸ்போர்ட், ஸ்டெப், மெயில். அங்கே ஒழுங்காகத் திறந்தால் சரி. அளவு ஆயிரம் மடங்கு பெரிதாகப் போய்விட்டாலோ, ஒரு முகம் காணாமல் போனாலோ, உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் மறுபடி மறுபடி எக்ஸ்போர்ட் செய்துகொண்டே இருப்போம். அதற்கு அவசியமே இல்லை. ஸ்டெப் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து வரிவரியாகப் படிக்கலாம், கொஞ்சம் பழகினால் எங்கே கோளாறு என்று கண்ணாலேயே பிடிக்கலாம். இதைக் கேட் கற்றுக்கொடுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

தேவையானவை இரண்டு: இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் என்ற கேட் மென்பொருள், ஏதாவது ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்.

இது எதற்காக வந்தது

பத்து கேட் மென்பொருள்கள் இருந்து, ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதுடன் நேரடியாகப் பேச வேண்டும் என்றால் 90 மாற்றிகள் எழுத வேண்டும். நடுவில் பொதுவான ஒரு வடிவம் இருந்தால் ஆளுக்கு எழுத ஒன்று, படிக்க ஒன்று, மொத்தம் 20 போதும். இந்த எண்ணத்தில் 1980இல் அமெரிக்காவில் ஐஜெஸ் வந்தது, பிரான்ஸ் செட் என்று ஒன்றும் ஜெர்மனி விடிஏ-எஃப்எஸ் என்று ஒன்றும் செய்தன. ஐஜெஸ் முதன்மையாகக் கோடுகளையும் பரப்புகளையும் கடத்தியது. ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தன் விருப்பப்படி எழுதியதால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் முழுதாகப் படிப்பது உறுதியில்லாமல் இருந்தது. 1984இல் ஐஎஸ்ஓவின் டிசி 184/எஸ்சி 4 குழுவில் புதிய தரத்துக்கான வேலை தொடங்கி, 1994இல் முதல் பகுதிகள் வெளிவந்தன. அதுதான் ஐஎஸ்ஓ 10303, நாம் ஸ்டெப் என்று சொல்வது.

இது ஒரே ஆவணம் இல்லை, எண்ணிட்ட பல பகுதிகள் கொண்ட பெரிய தொகுப்பு. தொடங்குபவருக்கு மூன்று வகை தெரிந்தால் போதும். பகுதி 11, எக்ஸ்பிரஸ் என்ற மொழி: ஒரு பாகத்தைப் பற்றி என்னென்ன தகவல் இருக்கலாம், எது கட்டாயம், எது எதனுடன் சேரும் என்று இந்த மொழியில் எழுதி வைப்பார்கள், அதற்குப் பெயர் ஸ்கீமா. பகுதி 21, அந்தத் தகவலைக் கோப்பில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்வது. ஸ்கீமாவை அச்சடித்த வெற்றுப் படிவம் என்று வைத்துக்கொண்டால், நம் கையில் இருக்கும் கோப்பு நிரப்பிய படிவம். மூன்றாவது, ஏபி எனப்படும் அப்ளிகேஷன் புரோட்டோகால்கள், அதாவது எந்தத் துறைக்கு எந்தப் படிவம் என்பது. அதைக் கோப்பைத் திறந்ததும் பார்ப்போம்.

படி 1: கனசதுரம்

ஃப்ரீகேடில் புதிய ஆவணம் திறந்து, பார்ட் ஒர்க்பெஞ்சுக்குப் போய், கியூப் பொத்தானை அழுத்துங்கள். 10 மிமீ கனசதுரம் வரும். அதைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், வகை ஸ்டெப். அவ்வளவுதான். இப்போது அந்தக் கோப்பை எடிட்டரில் திறங்கள்.

கோப்பில் எல்லாச் சொற்களும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் இருக்கும். படிக்க வசதியாக இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். உங்கள் கோப்பில் எண்கள் கொஞ்சம் மாறலாம், பதற வேண்டாம்.

படி 2: தலைப்பகுதி

முதல் வரி ஐஎஸ்ஓ-10303-21 என்று இருக்கும், கடைசி வரி எண்ட்-ஐஎஸ்ஓ-10303-21. கடைசி வரி இல்லையென்றால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது, வேறு எதையும் ஆராயாமல் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து வரும் ஹெடர் பகுதியில் மூன்று வரிகள். ஃபைல் டிஸ்கிரிப்ஷன் பெரும்பாலும் சடங்குக்கு இருக்கும். ஃபைல் நேம் என்ற வரியைக் கவனியுங்கள்: உருவான நேரம், எழுதியவர், நிறுவனம், எந்த மென்பொருள் என்றெல்லாம் அதில் இருக்கும். வெளியாருக்குக் கோப்பு போகும் முன் இந்த வரியைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் சில மென்பொருள்கள் உங்கள் பயனர் பெயரைக் கேட்காமலே இங்கே எழுதிவிடும்.

மூன்றாவது வரிதான் முக்கியம், ஃபைல் ஸ்கீமா. எந்த ஏபி என்று இதுதான் சொல்கிறது. 'கான்ஃபிக் கன்ட்ரோல் டிசைன்' என்றிருந்தால் ஏபி 203, விமானத் துறையின் தேவையிலிருந்து வளர்ந்தது, அதன் முதல் பதிப்பில் நிறத்துக்கு இடமில்லை. 'ஆட்டோமோட்டிவ் டிசைன்' என்றிருந்தால் ஏபி 214, கார் தயாரிப்பாளர்களுக்காக எழுதப்பட்டது, நிறமும் லேயரும் வரும். 'ஏபி 242' என்று தொடங்கினால் இவை இரண்டையும் சேர்த்து 2014இல் வந்த புதிய புரோட்டோகால். வடிவத்தோடு டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு வேறுபாடு அனுமதி என்ற) குறிப்புகளையும் கணினி புரிந்துகொள்ளும் தரவாக இதில் அனுப்பலாம், வரைபடத் தாள் தனியாகத் தேவைப்படாத நிலைக்கு வேலையைக் கொண்டுபோக இது உதவுகிறது. ஃப்ரீகேடில் எந்த ஏபி என்று பிரிஃபரன்சஸில் இம்போர்ட்-எக்ஸ்போர்ட் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு எதைப் படிக்கும் என்று தெரிந்தால் அதையே கொடுங்கள். தெரியாவிட்டால், வெறும் வடிவம்தான் போகிறது என்றால், 214 போதும்.

படி 3: டேட்டா பகுதி, ஒரு வரியின் இலக்கணம்

#7 = புராடக்ட்('கியூப்', 'கியூப்', '', (#8));

பெரும்பாலான வரிகள் இப்படித்தான். இடப்பக்கம் வரியின் எண், வலப்பக்கம் என்டிட்டியின் (எந்த வகைத் தகவல் என்பதன்) பெயர், அடைப்புக்குள் அதன் விவரங்கள், கடைசியில் அரைப்புள்ளி. உள்ளே #8 என்று வந்தால் 'எட்டாம் எண்ணில் போய்ப் பார்' என்று பொருள். ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது எழுத்து. $ என்றால் இந்த விவரம் தரப்படவில்லை, * என்றால் வேறு விவரத்திலிருந்து தானே கணக்கிடப்படும். புள்ளிகளுக்கு நடுவே .டி. அல்லது .எஃப். வந்தால் ஆம், இல்லை. எண்கள் எந்த வரிசையிலும் இருக்கலாம், அவற்றுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை, அடுத்த முறை எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாமே மாறியிருக்கலாம். அதனால் '#45இல் பிழை' என்று குறித்து வைத்துக்கொண்டால் அந்தக் குறிப்பு அந்த ஒரு கோப்புக்குத்தான் உதவும்.

பாகத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். பகுதி 21 அடிப்படை எழுத்துகளைத் தவிர மற்றவற்றைக் குறியீடாக மாற்றி எழுதச் சொல்லிவந்தது, தமிழில் பெயர் வைத்தால் சில மென்பொருள்களில் அது குப்பையாகத் தெரியும்.

படி 4: பெயரிலிருந்து புள்ளி வரை

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய படி. எடிட்டரின் தேடும் வசதியில் 'புராடக்ட்' வரியைப் பிடித்து, அதன் எண்ணைச் சுட்டும் வரிகளைத் தேடித் தொடர்ந்து போங்கள். புராடக்ட் என்பது பாகம் மட்டும்தான், அதற்கு வடிவம் கிடையாது. அதைச் சுட்டும் 'புராடக்ட் டெஃபனிஷன் ஃபார்மேஷன்' ஒரு பதிப்பு. அதைச் சுட்டும் 'புராடக்ட் டெஃபனிஷன்' அந்தப் பதிப்பின் ஒரு பார்வை. 'ஷேப் டெஃபனிஷன் ரெப்ரசென்டேஷன்' என்ற வரி வந்துதான் பாகத்தையும் வடிவத்தையும் முடிச்சுப் போடுகிறது. தலைசுற்றுகிற மாதிரி இருக்கும், ஆனால் இதற்குக் காரணம் இருக்கிறது: ஒரே பாகத்துக்குப் பல பதிப்புகள் இருக்கலாம், ஒரே பதிப்புக்கு வடிவமைப்பு மாதிரி ஒன்று, பகுப்பாய்வு மாதிரி ஒன்று என்று இருக்கலாம். பெயரையும் வடிவத்தையும் ஒரே வரியில் ஒட்டியிருந்தால் இது எதுவுமே சாத்தியமில்லை.

இனி வடிவம். 'மேனிஃபோல்டு சாலிட் பிரெப்' (திட உருவம்) ஒரு 'குளோஸ்டு ஷெல்'லை (மூடிய ஓட்டை) சுட்டும், அந்த வரியின் அடைப்புக்குள் ஆறு எண்கள் இருக்கும். கனசதுரத்தின் ஆறு முகங்கள் அவை. ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள், 'அட்வான்ஸ்டு ஃபேஸ்' வரும். அதிலிருந்து ஒரு வழி 'பிளேன்' என்ற பரப்புக்குப் போகும், இன்னொன்று முகத்தின் எல்லைக்கு. எல்லையில் 'எட்ஜ் லூப்', அதில் நான்கு 'ஓரியன்டட் எட்ஜ்' (திசை குறித்த விளிம்பு), அதிலிருந்து 'எட்ஜ் கர்வ்' (விளிம்பு), அப்புறம் 'வெர்டெக்ஸ் பாயின்ட்' (மூலை), கடைசியாக:

#23 = கார்ட்டீசியன் பாயின்ட்('', (0., 0., 0.));

கோப்பு முழுவதும் எண்ணிப் பாருங்கள். எட்ஜ் கர்வ் 12, வெர்டெக்ஸ் பாயின்ட் 8, ஓரியன்டட் எட்ஜ் 24. ஒவ்வொரு விளிம்பையும் பக்கத்து இரண்டு முகங்கள் எதிரெதிர்த் திசையில் பயன்படுத்துவதால்தான் இரட்டிப்பு. இந்தப் பகிர்வு சரியாக இருந்தால் உருவம் மூடியிருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியும், இதுவே ஐஜெஸில் பரப்புகளாக மட்டும் வந்திருந்தால் ஒட்டித் தைக்க வேண்டியிருக்கும். கார்ட்டீசியன் பாயின்ட் மட்டும் எட்டைவிட அதிகமாக இருக்கும், ஏனென்றால் கோடுகளுக்கும் பரப்புகளுக்கும்கூடத் தொடக்கப் புள்ளி வேண்டும்.

படி 5: அலகு

'எஸ்ஐ யூனிட்' என்று தேடுங்கள். நீளத்துக்கான வரியில் .மில்லி., .மீட்டர். என்று இருக்கும். கோணத்துக்கான வரியில் முன்னொட்டு இல்லாததால் அந்த இடத்தில் $ இருப்பதையும் பாருங்கள். இப்போது கோப்பை நகலெடுத்து, நீளத்தின் வரியில் .மில்லி. என்பதை $ ஆக்கிச் சேமித்து, ஃப்ரீகேடில் திறங்கள். 10 மீட்டர் கனசதுரம் நிற்கும். புள்ளி எதையும் நாம் தொடவில்லை. ஆயிரம் மடங்கு கோளாறுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. அங்குலக் கோப்புகளில் 'கன்வர்ஷன் பேஸ்டு யூனிட்' என்று ஒரு வரியும், பக்கத்தில் 25.4 என்ற எண்ணும் இருக்கும். முக்கோணங்களை மட்டும் சுமக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகே கிடையாது என்பதால், அளவு முக்கியமான வேலைக்கு அதைக் கேட்பவரிடம் ஸ்டெப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

அலகுக்கு அருகிலேயே 'அன்சர்ட்டன்ட்டி' என்று ஒரு வரி, அதில் ஒரு மிகச் சிறிய எண். இதற்குள் இருக்கும் இடைவெளியை ஒட்டியிருப்பதாக எடுத்துக்கொள் என்று அனுப்பும் மென்பொருள் சொல்கிறது. பெறும் மென்பொருள் இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் முகங்கள் ஒட்டாமல் நிற்கும்.

படி 6: துளை போட்டு மறுபடி

ஃப்ரீகேடில் ஒரு சிலிண்டர் போடுங்கள்: ஆரம் 2, உயரம் 20, இடம் 5, 5, -5. முதலில் கனசதுரம், அப்புறம் சிலிண்டர் என்ற வரிசையில் தேர்ந்தெடுத்து கட் கொடுத்து, கிடைத்ததை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். புதிய கோப்பில் 'சிலிண்ட்ரிகல் சர்ஃபேஸ்' என்ற வரி இருக்கும், கடைசியில் 2. என்று ஆரம் நிற்கும். பாகத்தின் பெயராக 'கட்' என்று இருக்கலாம், ஆனால் துளை போட்ட செயல் எங்கும் எழுதப்பட்டிருக்காது. எப்படி வரைந்தோம் என்ற வரலாறு இந்தக் கோப்பில் வருவதில்லை, முடிந்த வடிவம் மட்டுமே வரும். அதனால் ஸ்டெப்பைத் திறந்து ஃபீச்சர் ட்ரீயை (வரைந்த படிகளின் பட்டியலை) தேடாதீர்கள், மூலக் கோப்பையும் அழித்துவிடாதீர்கள்.

முகங்கள் இப்போது ஏழு. வேறு சில மென்பொருள்கள் உருளைப் பரப்பை இரண்டு பாதிகளாக எழுதும், அப்போது எட்டு வரும், அதுவும் சரிதான். ஆகவே முகங்களை எண்ணி ஒப்பிடுவதைவிடக் கன அளவை ஒப்பிடுங்கள்: 1000 கன மிமீயில் துளைக்கு 125.66 போக 874.34. அனுப்புபவர் இந்த எண்ணை மெயிலிலேயே எழுதிவிட்டால், பெறுபவர் திறந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பல பாகங்கள் சேர்ந்த அசெம்பிளிக்கும் இதே முறைதான். பாகத்துக்கு ஒரு புராடக்ட் வரி, அசெம்பிளிக்கு ஒன்று, இரண்டையும் இணைக்க 'நெக்ஸ்ட் அசெம்பிளி யூசேஜ் ஆக்கரன்ஸ்'. ஒரே போல்ட் நான்கு இடத்தில் இருந்தால் புராடக்ட் ஒன்று, இந்த வரி நான்கு என்றுதான் இருக்க வேண்டும். போல்ட்டின் வடிவமே நான்கு முறை எழுதப்பட்டிருந்தால் எக்ஸ்போர்ட் அமைப்பைத் திரும்பப் பாருங்கள், கோப்பு தேவையில்லாமல் பெருத்திருக்கும், பாகப் பட்டியலிலும் எண்ணிக்கை தப்பாக வரும்.