மூடி எழும்பியும் அடுப்பு பற்றாத சாண எரிவாயு

எங்கள் பன்றிப் பண்ணையின் கழிவில் ஓடும் எரிவாயுக் கலனில் வாயு சேரச் சேர உயரும் மிதவை மூடி முழுசாக எழும்பி நிற்கும். அடுப்பில் மட்டும் தீ பற்றாது. பர்னரைக் குத்திச் சுத்தம் செய்தேன், குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்தேன். 6 நாள் வீண்.

அப்புறம்தான் மூக்கில் பட்டது: வெளிவரும் கழிவில் சாண வாடை இல்லை, புளித்த கஞ்சி வாடை! தீவனத் தொட்டியில் மிஞ்சிய ஓட்டல் சோற்றையும் சேர்த்துக் கழுவி உள்ளே விட்டிருக்கிறார்கள். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். தாள் 5.5 காட்டியது; 7-க்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம். அமிலம் ஏறினால் எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். மூடியைத் தூக்கியது பெரும்பாலும் கரியமில வாயு, அது எரியாது.

கழிவு விடுவதை நிறுத்தி, சுண்ணாம்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 7-க்குக் கொண்டுவந்தேன். நன்றாக ஓடும் வேறொரு கலனிலிருந்து அந்த நுண்ணுயிர்கள் உள்ள கரைசல் 10 குடம் வாங்கிச் சேர்த்தேன். 12-ஆம் நாள் நீலச் சுடர். அப்பாடா! வாய்க்காலில் இப்போது சல்லடை போட்டாயிற்று.