சிற்றலையில் இரைச்சலா? மின்கம்பத்தைத் திட்டும் முன் செய்யக் கூடாதவை

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு கடைசியில் இரைச்சலில்தான் வந்து நிற்கும். நிலையங்கள் குறைந்துவிட்டது ஒரு பக்கம். பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பே 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மிச்சம் இருக்கும் நிலையங்களும் 'கொர்ர்' என்ற ஓசைக்குள் முங்கிக் கிடக்கின்றன என்பதுதான் பெரிய குறை. யாரால் என்று கேட்டால் எல்லோரும் வாசலில் நிற்கும் மின்கம்பத்தைக் காட்டுவார்கள். பாவம், பல வீடுகளில் அதற்கும் இரைச்சலுக்கும் தொடர்பே இருப்பதில்லை. கம்பி இரைச்சலைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். அதை உண்டாக்குவது பெரும்பாலும் நம் வீட்டுச் சுவரில் செருகியிருக்கும் ஏதோ ஒன்று.

சோதித்துப் பார்க்காமல் முடிவு கட்டுவதே முதல் தவறு. சோதனை எளிது. வானொலியை பேட்டரியில் ஓட விட்டு, நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தி, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெயினை அணைத்த அடுத்த நொடி இன்வெர்ட்டர் விழித்துக்கொள்கிறது. மின்விசிறியும் விளக்குகளும் அதன் தயவில் ஓடுகின்றன. இன்வெர்ட்டரே பெரிய இரைச்சல் இயந்திரம் வேறு. "மெயினை அணைத்தும் சத்தம் போகவில்லை, ஆகவே கம்பம்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகு கேட்பதே சோதனை. கணினிக்கு யு.பி.எஸ். இருந்தால் அதையும் சேர்த்து.

இன்னொரு வாய்ப்பை மின்வாரியமே தருகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகத் தெரு முழுவதும் மின்சாரம் நிற்கும் நாளில் வானொலியும் கையுமாக உட்காருங்கள். அதே பெட்டி, அதே இடம், அதே அலைவரிசை. நாள் முழுக்க உறுமிய பட்டை அப்போது எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டால், உங்கள் ஊரில் எந்த அளவுக்குக் கேட்க முடியும் என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். அக்கம்பக்கத்து இன்வெர்ட்டர்கள் மட்டும் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எல்லா இரைச்சலையும் ஒரே பெயரால் அழைப்பது அடுத்த தவறு. காது கொடுத்துக் கேட்டால் ஒவ்வொன்றும் தன் முகவரியைச் சொல்லிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னழுத்தம் இரு முறை உச்சம் தொடுவதால், தீப்பொறியால் எழும் இரைச்சல் விநாடிக்கு 100 துடிப்பாக, கரகரத்த உறுமலாகக் கேட்கும். ஆனால் அதே உறுமலை எலக்ட்ரானிக் மின்விசிறி ரெகுலேட்டரும் எழுப்பும். அதற்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் மின்னோட்டத்தை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. விசிறியை முழு வேகத்தில் வைத்தால் இரைச்சல் தணிந்து, நடு வேகத்தில் பொங்கினால் சந்தேகமே வேண்டாம். பழைய வீடுகளில் செங்கல் கனத்தில் தொங்கிய ரெகுலேட்டர் பெட்டி வெறும் மின்தடைச் சுருள் என்பதால் வானொலிக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இப்போது கடையில் கிடைக்கும் படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகையும் நல்ல பிள்ளைதான்.

எல்.இ.டி. பல்பு, கைப்பேசி சார்ஜர், மடிக்கணினி அடாப்டர், இணைய ரௌட்டரின் அடாப்டர் ஆகியவற்றின் குரல் வேறு. இவற்றுக்குள் இருக்கும் சுற்று விநாடிக்குப் பல பத்தாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகிறது. அதன் மடங்குகள் டயல் நெடுகச் சம இடைவெளியில் மேடு மேடாக வந்து நிற்கும். சூடேற ஏற அந்த மேடுகள் மெல்ல நகரும். விலை குறைந்த பல்புகளில் இதை வடிகட்ட வேண்டிய சுருளும் மின்தேக்கியும் காசு மிச்சம் பிடிக்கக் கைவிடப்படுகின்றன. மாலை இருட்டியதும் தொடங்கி விடிந்ததும் அடங்கினால் தெருவிளக்கைக் கவனியுங்கள். விநாடிக்கொரு முறை 'டிக்' என்று அடித்தால் அருகில் யாரோ தோட்டத்துக்கு மின்வேலி போட்டிருக்கிறார்கள். ஒழுங்கில்லாமல் படபடவென்று வெடிப்பது எங்கோ இறங்கும் இடி. அதற்கு யாரிடமும் முறையிட முடியாது. உறுமல் டயலின் ஒரு சிறு பகுதியில் மட்டும் திடீரென்று தோன்றி மறைந்தால் அது தொடுவானம் தாண்டிப் பார்க்கும் ராணுவ ரேடாராக இருக்கலாம். ரஷ்யாவின் 'கன்டெய்னர்' ரேடார் விநாடிக்கு 50 முறை துடிப்பதால் அதை மின்சார இரைச்சல் என்றே பலர் நம்பிவிடுகிறார்கள்.

வெளியே கம்பி கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. ஜன்னலில் தொடங்கிச் சுவரோரமாகவே ஓடும் கம்பி, சுவருக்குள் ஓடும் வயரிங்கோடு கைகோத்துக்கொண்டு நிலையத்தைவிட இரைச்சலையே அதிகம் கொண்டுவரும். நீளத்தைக் கூட்டினாலும், முன்பெருக்கி (வானொலிக்கு முன் அலையைப் பலப்படுத்தும் பெட்டி) வைத்தாலும் இரண்டும் சேர்ந்தே வளரும்; மீட்டர் முள் எகிறும், பேச்சு மட்டும் புரியாது. வேண்டியது தூரம். வீட்டிலிருந்து சில மீட்டர் தள்ளி, மின்கம்பிக்கு இணையாகப் போகாமல், அதைக் கடக்காமலும் செங்கோணத் திசையில் கட்டி, அங்கிருந்து கோஆக்சியல் கேபிளில் (டிவிக்கு வரும் உறையிட்ட கேபிள் போன்றது) கொண்டுவருவது பலன் தரும். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனாவை எக்காரணம் கொண்டும் கொண்டுபோகாதீர்கள். அறுந்தாலும் காற்றில் ஆடினாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். இது இரைச்சல் பற்றிய பேச்சல்ல, உயிர் பற்றியது.

இடம் இல்லாத மாடி வீட்டுக்காரர்களுக்கு வளைய ஆன்டெனா நல்ல வழி. எம்.எல்.ஏ.-30 போன்ற மலிவான வகைகளே போதும். வாங்கியவர்கள் அதை நிலையம் பலமாகக் கேட்கும் திசைக்குத் திருப்பி வைத்துவிட்டு, "ஒன்றும் பிரமாதமில்லை" என்கிறார்கள். வளையத்தின் பலம் கேட்பதில் இல்லை, கேளாமல் இருப்பதில் இருக்கிறது. இரைச்சல் எந்த நிலையில் குறைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். வானத்திலிருந்து இறங்கி வரும் நிலையத்தின் அலை அதனால் அவ்வளவு பாதிக்கப்படாது. பெட்டியையே சுற்றிச் சுற்றித் திருப்புபவர்களும் உண்டு. பெரும்பாலான கையடக்க வானொலிகளில் உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி (காந்தப் பொருளாலான தண்டு) மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) மட்டுமே. சிற்றலைக்கு வெளியே நீட்டும் உலோகக் குச்சிதான் ஆன்டெனா என்பதால் திருப்புவதைவிட இடம் மாற்றுவதே உதவும்.

வானொலியைச் சார்ஜரில் செருகிக்கொண்டே கேட்பதை விட்டுவிடுங்கள். பவர்பேங்க் பேட்டரிதானே என்று நினைப்பதும் தவறு; அதற்குள்ளும் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று ஒன்று துடித்துக்கொண்டிருக்கிறது.

வயரில் ஓடும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் பற்றிக் கேள்விப்பட்டு, கவ்விக்கொள்ளும் சிறு ஃபெரைட் ஒன்றை வயரில் மாட்டிவிட்டு ஏமாறுபவர்கள் ஏராளம். வயர் ஒரே ஒரு முறை நுழைந்தால் சிற்றலையில் தடை மிகக் குறைவு. சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை உயரும் என்பதால், ஒரு சுற்றை நான்காக்கினால் ஏறத்தாழ 16 மடங்கு. 31 எண் கலவை என்ற ஃபெரைட் வகையில் செய்த பெரிய வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். அதையும் முதலில் இரைச்சல் எழுப்பும் அடாப்டரின் வயரில் மாட்டுங்கள், வானொலியில் அல்ல.

சுவர் சாக்கெட்டின் எர்த் துளையில் வானொலியின் எர்த்தை இணைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டிலுள்ள அத்தனை சாதனங்களின் இரைச்சலும் வடியும் வழி அது. வடிவதை நாமே உள்ளே வரவேற்கிறோம். தோட்டத்தில் தனியாக ஒரு தண்டு அடித்தால் நல்லது. இதற்கு நேர்மாறாக, இரைச்சல் குறைகிறது என்று கணினியின் எர்த் முனையை வெட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வீட்டைச் சலித்து முடித்தும் உறுமல் நிற்கவில்லை என்றால்தான் கம்பத்தின் முறை. அதற்கென்று குணங்கள் உண்டு. தளர்ந்த ஜம்பர் (கம்பத்தில் கம்பிகளை இணைக்கும் சிறு வயர்), விரிசல் விட்ட பீங்கான் இன்சுலேட்டர் போன்றவற்றில் எழும் பொறி வறண்ட, காற்றடிக்கும் நாளில் உக்கிரமாகி, நல்ல மழையில் அடங்கி, காய்ந்ததும் திரும்பி வரும். கடலோர ஊர்களில் நிலைமை தலைகீழாகவும் இருக்கும்: இன்சுலேட்டரில் படிந்த உப்பு விடியற்காலைப் பனியில் நனையும்போது பொறி கிளம்பும்.

எந்தக் கம்பம் என்று தேடுபவர்கள் மத்திய அலையை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது வீண் அலைச்சல். தாழ்ந்த அலைவரிசையில் இரைச்சல் கம்பி வழியே வெகுதூரம் ஓடி, சம்பந்தமில்லாத இடங்களில்கூடப் பலமாகக் கேட்கும். நெருங்க நெருங்க உயர்ந்த அலைவரிசைக்குப் போக வேண்டும். விமானப் பட்டை, அதாவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, உள்ள பெட்டி இருந்தால் இன்னும் வசதி. அங்கேயும் உறுமல் கேட்டால் கம்பம் பக்கத்தில்தான். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பதும் கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பதும் கூடவே கூடாது.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய் "ரேடியோ கேட்கவில்லை" என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கம்பத்தின் எண், எந்த நேரத்தில் பலமாக இருக்கிறது, மழையில் நிற்கிறதா, இரவில் பொறி கண்ணுக்குத் தெரிந்ததா என்று எழுதிக் கொடுங்கள். பொறி தெரிந்திருந்தால் அதையே முதல் வரியாக வையுங்கள். ஜம்பரில் பொறி பறக்கிறது என்பது வயர்மேனுக்குப் புரிந்த மொழி. அது உருகி அறுந்தால் நள்ளிரவில் ஏற வேண்டியவர் அவர்தான்.